அடி வருவது தெரிந்தும் நகராதவர்கள்: பழைய குவார்ட்டர்பேக்குகளின் உறுதி

அமெரிக்க ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது மோதல்தான். பந்தைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் பழைய ரசிகர்களின் பேச்சும் காதில் விழும்: "அந்தக் காலத்துக் குவார்ட்டர்பேக் மாதிரி வருமா?" 1950, 60, 70-களில் ஆடி ஓய்வுபெற்ற அந்த மனிதர்களை இன்றும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? அவர்களுடைய உறுதி என்று எதைச் சொல்கிறார்கள்? அதை அடிப்படையிலிருந்து விளக்கத்தான் இந்தக் கட்டுரை. ஆட்டத்தின் விதிகள் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் ஆட்டம். களத்தில் ஓர் அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அதற்குள் 10 யார்டு, அதாவது சுமார் 9 மீட்டர், முன்னேறியாக வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு. இப்படியே நகர்ந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. நான்கு வாய்ப்பிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

ஒவ்வொரு வாய்ப்பும் ஒரே மாதிரிதான் தொடங்கும். நடுவில் குனிந்து நிற்கும் சென்டர், பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் கொடுப்பார். அதை வாங்குகிறவர்தான் குவார்ட்டர்பேக். வாங்கியதும் அவர் பந்தை இன்னொருவரிடம் கொடுத்து ஓடச் சொல்லலாம், தானே ஓடலாம், அல்லது பந்தைப் பிடிப்பதற்காக முன்னால் ஓடிக்கொண்டிருக்கும் ரிசீவருக்கு எறியலாம். எறிவது என்றால் நாலைந்து எட்டு பின்வாங்குவார். அவருக்கு முன்னால் அவருடைய ஆட்கள் ஐந்து பேர் அரைவட்டமாக நின்று எதிரணியை மறிப்பார்கள். அந்த அரைவட்டத்துக்குள் கிடைக்கும் சின்ன இடத்தைப் பாக்கெட் என்கிறார்கள். அது இரண்டரை, மூன்று வினாடி தாங்கினால் பெரிது. அதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும். எறிவதற்கு முன்பே எதிரணி அவரைப் பிடித்துக் கீழே தள்ளிவிட்டால் அதற்குச் சாக் என்று பெயர்.

இந்த மூன்று வினாடிக்குள் குவார்ட்டர்பேக்கின் கண் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வேகப்பந்தை எதிர்கொள்ளும் பேட்ஸ்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட் இல்லாத காலத்திலும் அவருக்கு ஒரு வசதி இருந்தது: அடிக்க வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வந்தால் விலகலாம், குனியலாம். குவார்ட்டர்பேக்குக்கு அந்த வசதி கிடையாது. அவர் பார்க்க வேண்டியது 20, 30 யார்டு தள்ளி ஓடுகிற ரிசீவரை. அடிக்க வருகிறவரோ இரண்டு எட்டுத் தூரத்தில், பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வருகிறார். அவரைத் திரும்பிப் பார்த்தால் ரிசீவர் எங்கே போனார் என்பது தவறிவிடும். பார்க்காமலே நின்றால் அடி விழும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பந்தை எறியும்போது ஒரு காலை முன்வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அந்த நொடியில் விலா முழுக்கத் திறந்து கிடக்கும். உடம்பின் எடை முழுவதும் முன்காலில் இருக்கும். ஒதுங்கவும் முடியாது, உடம்பை இறுக்கிக்கொள்ளவும் முடியாது. அடிக்குப் பயந்து அரை வினாடி முன்பே எறிந்தால் ரிசீவர் இன்னும் திரும்பியிருக்க மாட்டார். பின்னால் சாய்ந்துகொண்டு எறிந்தால் பந்தில் வேகம் இருக்காது, எதிரணிக்காரர் கையில் போய் விழும். ஆக, நல்ல குவார்ட்டர்பேக் என்பவர் மோதலை நோக்கிக் காலை எடுத்து வைத்து, எறிதலை முழுதாக முடித்து, அதற்கப்புறம் அடி வாங்குகிறவர். எழுந்து வந்து அடுத்த வாய்ப்பிலும் அதையே செய்கிறவர்.

பழைய ரசிகர்கள் உறுதி என்று சொல்வது இதைத்தான். திருப்பி அடிப்பதோ முறைப்பதோ இதில் சேராது. சண்டைக்காரர்கள் அந்தக் காலத்தில் எல்லா அணியிலும் இருந்தார்கள், அவர்களில் பலரை இன்று யாருக்கும் நினைவில்லை. அடி வருவது தெரிந்தும், வேலை முடியும்வரை கண்ணை எடுக்காமல் நின்றவர்களைத்தான் ஐம்பது, அறுபது வருடம் கழித்தும் பேசுகிறார்கள்.

சரி, இது இன்றைய குவார்ட்டர்பேக்குக்கும் பொருந்துமே, அந்தக் காலத்துக்கு மட்டும் என்ன தனி மதிப்பு என்று கேட்கலாம். அங்கேதான் விதிகள் வருகின்றன.

பந்தை எறிந்து முடித்தவரை வேண்டுமென்றே தாக்கினால் 15 யார்டு தண்டனை என்ற விதி, அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் 1938-லேயே வந்துவிட்டது. ஆனால் எதைத் தாக்குதல் என்று எடுத்துக்கொள்வது என்பதில் நடுவர்கள் வெகு தாராளம். தலையில் அடிக்கலாம், முழங்காலில் பாயலாம், தூக்கித் தரையில் குத்தலாம், எறிந்த பிறகு ஓரிரு எட்டு ஓடி வந்து மோதலாம். 1955 வரை, பந்து வைத்திருப்பவர் கீழே விழுந்தாலும் எழுந்து மறுபடி ஓடலாம் என்றொரு வழக்கமும் இருந்தது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். விழுந்தவர் எழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே நாலு பேர் மேலே பாய்ந்து அமுக்குவார்கள். அடியில் கிடப்பவரின் விரல், மூக்கு, விலா எல்லாம் அவரவர் அதிர்ஷ்டம்.

1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் டீக்கன் ஜோன்ஸ் 'ஹெட் ஸ்லாப்' என்ற ஒன்றுக்குப் பேர்போனவர். தன்னை மறிக்க நிற்பவரின் ஹெல்மெட்டில், காதுப் பக்கம் ஓங்கி ஓர் அறை விடுவார். அவர் தடுமாறும் நொடியில் தாண்டிப் போய்க் குவார்ட்டர்பேக்கைப் பிடிப்பார். சாக் என்ற சொல்லையே பிரபலமாக்கியவர் அவர்தான். அந்த அறையை 1977-ல்தான் தடை செய்தார்கள். மறிப்பவர்களுக்கும் அன்று கை கட்டித்தான் இருந்தது. கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்ற அனுமதி 1978-ல் வந்தது. அதற்கு முன்பு முழங்கையை மடித்து, முஷ்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டே தடுக்க வேண்டும். ஆகவே பாக்கெட் சீக்கிரம் உடையும். ரிசீவர்களையும் எதிரணிக்காரர்கள் களம் நெடுக இடித்துக்கொண்டே வரலாம். அவர்கள் விடுபட நேரமாகும், அதுவரை குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாதுகாப்பு குறைவு, காத்திருக்க வேண்டிய நேரம் அதிகம்.

எந்தத் தந்திரத்தை ஆடுவது என்பதைப் பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கே முடிவு செய்ய வேண்டும் என்பதும் அன்றைய நிலைமை. இன்று பயிற்சியாளர் சொல்வது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வானொலியில் கேட்கும். அந்த ஏற்பாடு 1994-ல்தான் வந்தது. அதற்கு முன் சில அணிகள் ஆள் மூலம் சொல்லி அனுப்பின. மற்ற அணிகளில், பத்து பேர் கூடி நிற்கும் வட்டத்துக்குள் மண்டியிட்டு, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று குவார்ட்டர்பேக்தான் சொல்வார். தலையில் அடி வாங்கி, கண் மங்கி எழுந்து வந்தவரும் முப்பது வினாடிக்குள் பத்து பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தாக வேண்டும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வியப்பு.

முகம் என்ன ஆயிற்று என்பதற்கு ஆட்டோ கிரஹாம் கதை போதும். கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியில் 10 சீசன் ஆடி, பத்திலும் அணியை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோய், ஏழில் வென்றவர். 1953 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அணியுடன் ஆடும்போது அவர் வாயில் ஒரு முழங்கை விழுந்தது. அன்று ஹெல்மெட்டில் முகத்துக்கு முன்னால் ஒன்றும் இருக்காது. வாய் கிழிந்தது, 15 தையல். இரண்டாம் பாதிக்கு அவர் திரும்ப வந்தார். ஹெல்மெட்டில் அவசர அவசரமாக ஒரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பட்டையைப் பொருத்தியிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டே எறிந்து ஆட்டத்தை வென்றார். அதற்கப்புறம் அவருடைய பயிற்சியாளர் பால் பிரவுன், ஹெல்மெட் செய்யும் ரிடெல் நிறுவனத்தை வைத்து ஒற்றைக் கம்பி முகக்காப்பை உருவாக்கச் செய்தார். சில வருடங்களில் அநேகமாக எல்லாரும் முகக்காப்பு போட்டுக்கொண்டார்கள். டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் அணிகளில் ஆடிய பாபி லேனோ 1962-ல் ஓய்வுபெறும்வரை முகக்காப்பே இல்லாமல் ஆடித் தீர்த்தார்.

இனி ஒரு புகைப்படம். இந்த ஆட்டத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட இதை எங்காவது பார்த்திருக்கலாம்.

1964 செப்டம்பர் 20, பிட்ஸ்பர்க் நகரின் பிட் ஸ்டேடியம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஒய்.ஏ. டிட்டிலுக்கு வயது 37, முப்பத்தெட்டை நெருங்கிக்கொண்டிருக்கிறார். தன் அணியின் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்று கிட்டத்தில் இருப்பவருக்கு ஒரு பந்தை எறியப் போகிறார். எதிரணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ஜான் பேக்கர் முழு வேகத்தில் வந்து மோதுகிறார். ஹெல்மெட் தெறிக்கிறது. பந்து எதிரணியின் சக் ஹின்டன் கையில் விழுந்து டச் டவுன் ஆகிறது. டிட்டில் மெதுவாக எழுந்து மண்டியிட்டு உட்காருகிறார். மோரிஸ் பெர்மன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அந்த நொடியை எடுத்தார்.

படத்தில் டிட்டில் தனியாக இருக்கிறார். முன்பக்கம் வழுக்கையான தலை, அதிலிருந்து இரண்டு கோடாக முகத்தில் இறங்கும் ரத்தம். தோள்காப்பு தூக்கிக்கொண்டு நிற்கிறது. கைகள் இரண்டும் தொடைமேல் கிடக்கின்றன. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மூச்சு விடவே சிரமம் என்பது தெரிகிறது. மார்புக்கூட்டில் காயம், தலைக்குள் அதிர்ச்சி. படத்தில் 'ஆக்‌ஷன்' இல்லை என்று பெர்மனின் பத்திரிகையே முதலில் அதைப் போடவில்லை. பிறகு போட்டிகளில் பரிசு வாங்கி உலகப் புகழ் பெற்றது.

அந்தப் படத்துக்கு முன்னால் நடந்ததையும் தெரிந்துகொண்டால்தான் டிட்டில் யார் என்பது புரியும். 34 வயதில் சான் பிரான்சிஸ்கோ அணி அவரை வேண்டாம் என்று கொடுத்துவிட்டது. நியூயார்க் வந்தவர் 1961, 62, 63 என மூன்று வருடமும் அணியை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். 1963-ல் மட்டும் 36 டச் டவுன் பாஸ். அந்த வருட இறுதி ஆட்டம் டிசம்பர் 29-ல், சிகாகோவின் ரிக்ளி ஃபீல்டில், தரை உறைந்து கிடக்கும் குளிரில் நடந்தது. முதல் பாதியிலேயே அவர் இடது முழங்காலில் ஒருவர் மோதி, தசைநார் போயிற்று. இடைவேளையில் ஊசி போட்டு, காலை இறுக்கக் கட்டிக்கொண்டு திரும்ப வந்தார். முன்காலில் எடை வைத்து எறிய முடியவில்லை. அவர் எறிந்ததில் ஐந்து பந்தை எதிரணி பிடித்தது. சிகாகோ 14-10 என்று வென்றது. மூன்று இறுதி ஆட்டம், மூன்றும் தோல்வி.

வென்றவர்களை மட்டும் பார்த்தால் டிட்டில் கணக்கில் வர மாட்டார். ஆனால் அந்த இரண்டாம் பாதி முழுக்க ஒரு காலில் நின்று எறிந்தவரை, அதற்காகவே மதிக்கிறார்கள். பிட்ஸ்பர்க் அடிக்குப் பிறகும் அவர் அந்த 1964 சீசனை ஆடி முடித்துவிட்டுத்தான் ஓய்வுபெற்றார். 2017-ல் 90 வயதில் இறந்தார்.

அடுத்தவர் ஜானி யுனைட்டஸ். என்னைக் கேட்டால் இந்த உறுதி என்ற விஷயத்துக்கு முதல் உதாரணம் அவர்தான். 1955-ல் பிட்ஸ்பர்க் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் வீட்டுக்கு அனுப்பியது. ஆட்டத்துக்கு 6 டாலர் சம்பளத்தில் உள்ளூர் அணியில் ஆடினார். மறுவருடம் பால்டிமோர் கோல்ட்ஸ் கூப்பிட்டது. 1958 நவம்பரில் கிரீன் பே அணியுடன் ஆடும்போது கீழே கிடந்தவர் மேல் ஒருவர் முழங்காலோடு விழுந்தார். விலா எலும்புகள் முறிந்து நுரையீரலில் குத்திவிட்டன. இரண்டே ஆட்டம் ஓய்வு. விலாவைச் சுற்றி ஒரு காப்பு கட்டிக்கொண்டு திரும்பியவர், எறிந்த முதல் பந்தையே சக ஆட்டக்காரர் லென்னி மூர் பிடித்து டச் டவுன் ஆக்கினார்.

அடுத்த மாதம் டிசம்பர் 28-ல் யாங்கி ஸ்டேடியத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுடன் இறுதி ஆட்டம். கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது பால்டிமோர் மூன்று புள்ளி பின்னால், தன் எல்லையிலிருந்து 14 யார்டில் நிற்கிறது. யுனைட்டஸ் தானே தந்திரம் சொல்லி, ரிசீவர் ரேமண்ட் பெர்ரிக்குத் தொடர்ந்து மூன்று பந்து எறிந்தார். ஏழு வினாடி மீதியிருக்கும்போது ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 80 யார்டு நகர்ந்து 23-17 என்று வென்றார்கள். விலா முறிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்த அந்த ஆட்டம்தான் அமெரிக்காவில் இந்த விளையாட்டை வீடு வீடாகக் கொண்டுபோனது என்பார்கள்.

மற்றவர்கள் கதைகளும் குறைந்தவை அல்ல. ஜாக் கெம்ப் 1962-ல் எறியும் கையின் நடுவிரலை உடைத்துக்கொண்டார். விரல் இனி நேராகாது, எந்த வடிவத்தில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய நிலை. பந்தைப் பிடிக்கும் வாகில் வளைத்தே வைத்துவிடச் சொன்னார். அந்தக் காயத்தின்போது சான் டியாகோ அணி அவரைப் பட்டியலிலிருந்து எடுக்க, பஃபலோ பில்ஸ் வெறும் 100 டாலர் கட்டி அழைத்துக்கொண்டது. அன்று என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக இருந்த லீக்கான ஏ.எஃப்.எல்.லின் கோப்பையை 1964-லும் 65-லும் பஃபலோவுக்கு வாங்கிக் கொடுத்தார். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1996-ல் துணை அதிபர் பதவிக்கும் போட்டியிட்டார்.

ஜோ நேமத் நியூயார்க் ஜெட்ஸில் சேர்ந்த கையோடு, 1965 ஜனவரியில், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் போனார். ஆடிய காலம் முழுக்க அந்தக் கால் ஓடிப் பிழைக்க உதவவில்லை. நின்ற இடத்திலிருந்தே எறிந்து 1967-ல் 4,007 யார்டு சேர்த்தார். ஒரு சீசனில் 4,000-ஐத் தாண்டிய முதல் ஆள் அவர், அதுவும் 14 ஆட்டத்தில். அந்த சீசன் முடியும் தறுவாயில் ஓக்லண்டில் கன்ன எலும்பை உடைத்தார்கள். அடுத்த வாரமும் ஆடினார்.

ஹூஸ்டன் அணியின் டான் பாஸ்டரீனி 1978-ல் விலா முறிந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். பைரன் டான்சிஸ் என்பவர் முன்பின் அறிமுகம் இல்லாமல் அறைக்குள் வந்தார், கூட ஒருவர், கையில் பேஸ்பால் மட்டை. டான்சிஸ் தானே செய்த ஒரு காப்பு அங்கியை உடம்பில் மாட்டியிருந்தார். கூட வந்தவர் மட்டையால் அவர் விலாவில் ஓங்கி அடித்தார். டான்சிஸ் அசையாமல் நின்றார். எனக்கும் அதில் ஒன்று வேண்டும் என்றார் பாஸ்டரீனி. அதை மாட்டிக்கொண்டு மியாமிக்கு எதிரான பிளே ஆஃபில், அதாவது சீசன் முடிவில் வரும் நாக் அவுட் ஆட்டத்தில், 300 யார்டுக்கு மேல் எறிந்து வென்றார். இன்று குவார்ட்டர்பேக்குகள் சட்டைக்குள் போடும் விலாக்காப்பு பரவலானது அதற்கப்புறம்தான்.

நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் ஆர்ச்சி மேனிங்கை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். 1971-ல் வந்தவர். அணி படு பலவீனம். அவருக்கு முன்னால் நின்று மறிக்கச் சரியான ஆட்களே இல்லை. வருடா வருடம் அடி வாங்கினார், வருடா வருடம் அணி தோற்றது. அவர் அங்கே இருந்தவரை ஜெயித்த ஆட்டங்கள் அதிகமாக அமைந்த சீசன் ஒன்றுகூட இல்லை. கோப்பை வரும் என்ற நம்பிக்கையில் அடியைத் தாங்குவது ஒன்று. வராது என்று தெரிந்தும் ஞாயிற்றுக்கிழமை தோறும் பாக்கெட்டில் போய் நிற்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. அவருடைய மகன்கள் பேட்டன், ஈலை இருவரும் பின்னால் ஆளுக்கு இரண்டு சூப்பர் போல், அதாவது என்.எஃப்.எல். இறுதி ஆட்டம், வென்றார்கள்.

இவ்வளவு அடிபட்டும் ஏன் ஆடினார்கள் என்பதற்கு வீரம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். 1950-களில் ஓர் அணியில் முப்பத்துச் சொச்சம் பேர்தான் இருந்தார்கள். இன்று 53. அணியும் குறைவு, இடமும் குறைவு. வெளியே உட்கார்ந்தால் இன்னொருவர் வந்துவிடுவார், அப்புறம் இடம் திரும்பக் கிடைக்காமலே போகலாம். சம்பளமும் இன்றைய மாதிரி கிடையாது. யுனைட்டஸின் முதல் ஒப்பந்தம் வருடத்துக்கு 7,000 டாலர். சீசன் இல்லாத மாதங்களில் ஆட்டக்காரர்கள் வேறு வேலைக்குப் போவது சர்வசாதாரணம். தலையில் அடி என்றால் அம்மோனியாவை மூக்கில் காட்டி, விரல் எத்தனை என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள். வலிக்கிறது என்று சொல்வதற்கான இடமே அந்த ஏற்பாட்டில் கிடையாது. அவர்கள் உறுதியை மதிக்கிற அதே மூச்சில், அந்த உறுதியை நம்பியே முதலாளிகள் எவ்வளவு மிச்சம் பிடித்தார்கள் என்பதையும் சொல்லாமல் இருக்கக் கூடாது.

விலை பின்னால் வந்தது. யுனைட்டஸுக்கு 1968-ல் வலது முழங்கையில் தசைநார் கிழிந்தது. வயதான பின் அந்தக் கை அநேகமாகச் செயலிழந்துவிட்டது. அமெரிக்காவே பார்த்து வியந்த அந்த விரல்களால் முட்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. கோல்ஃப் மட்டையைக் கையோடு வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொண்டு ஆடினார். இரண்டு முழங்காலும் செயற்கை. ஊனத்துக்கான உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார், மறுத்துவிட்டார்கள். 2002-ல் 69 வயதில் இறந்தார்.

தலையில் பட்ட அடிகளின் கணக்கு இன்னும் தாமதமாகத் தெரிந்தது. திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதால் மூளை மெல்லச் சிதையும் நோய்க்கு சி.டி.ஈ. என்று பெயர். இறந்த பிறகு மூளையை ஆராய்ந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் கென் ஸ்டேப்ளர் 2015-ல் புற்றுநோயால் இறந்தார். மறுவருடம் பிப்ரவரியில் அவருக்கு சி.டி.ஈ. இருந்தது என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதே வாரம் அவர் ஃபுட்பால் புகழ்மன்றத்துக்குத் தேர்வானார். அதே பல்கலைக்கழகம் 2017-ல், தானமாகப் பெற்ற 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110-ல் இந்நோயைக் கண்டது. ஏற்கெனவே அறிகுறி பார்த்துச் சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் அதிகம் தானம் கொடுத்திருக்கும் என்பதால், ஆடிய எல்லாருக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அந்த எண்ணைத் தள்ளிவிடவும் முடியாது.

விதிகள் கொஞ்சம் கொஞ்சமாக மாறின. 1978-ல் மறிப்பவர்களுக்குக் கையை நீட்ட அனுமதி, ரிசீவர்களை ஐந்து யார்டுக்கு அப்பால் இடிக்கத் தடை. 1979-ல், குவார்ட்டர்பேக் எதிரணிக்காரரின் பிடியில் வசமாகச் சிக்கிவிட்டால் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தலாம் என்ற விதி. கார்சன் பாமர் என்ற குவார்ட்டர்பேக்கின் முழங்கால் போன பிறகு 2006-ல் முழங்காலுக்குக் கீழே பாய்வதற்குத் தடை. இன்னொரு குவார்ட்டர்பேக்கான டாம் பிராடி 2008-ன் முதல் ஆட்டத்திலேயே காயப்பட்டதால் 2009-ல் அதை மேலும் இறுக்கினார்கள். 2018 முதல், உடம்பின் முழு எடையையும் குவார்ட்டர்பேக் மேல் போட்டு விழுவதையும் தண்டிக்கிறார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் உடைந்த எலும்பு இருக்கிறது.

இதனால் இப்போதைய ஆட்கள் நோஞ்சான்கள் என்று சிலர் பேசுவதை நான் ஏற்க மாட்டேன். இன்று அடிக்க வருகிறவர்கள் அன்றைவிடப் பெரியவர்கள், வேகமானவர்கள். அந்த உடம்புகளை 1960-களின் விதியோடு இறக்கிவிட்டால் சீசன் முடியும்போது ஒரு குவார்ட்டர்பேக்கும் மிஞ்ச மாட்டார். விதி வந்தது நல்லது, இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்மை. இன்று தவறான அடி விழுந்தால் தண்டனைக்கு அடையாளமாக நடுவர் கொடி எறிவார், தனி மருத்துவர் வந்து பார்ப்பார், சந்தேகம் இருந்தால் வெளியே உட்கார வைப்பார். பழைய ஆட்களுக்கு இந்த மூன்றும் இல்லை. அது தெரிந்தேதான் நின்றார்கள்.

பழைய ஒளிப்பதிவுகளைப் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்று செய்யுங்கள். முதல் தடவை வழக்கம்போல் பந்தைப் பாருங்கள். இரண்டாம் தடவை பந்தை விட்டுவிட்டுக் குவார்ட்டர்பேக்கை மட்டும் பாருங்கள். அவர் தலை எந்தப் பக்கம் இருக்கிறது, முன்கால் எங்கே போகிறது, பந்து கையைவிட்டுப் போனதற்கும் மோதலுக்கும் எவ்வளவு இடைவெளி என்று கவனியுங்கள்.

தொடங்குவதற்கு 1976 ஜனவரி 18-ல் மியாமியில் நடந்த பத்தாவது சூப்பர் போல் நல்லது. பிட்ஸ்பர்க்கும் டல்லஸும் ஆடின. கடைசி நிமிடங்களில் பிட்ஸ்பர்க்கின் டெரி பிராட்ஷா பின்வாங்குகிறார். டல்லஸ் ஆட்களை அதிகப்படியாக அனுப்பி நெருக்குகிறது. ஒருவரிடமிருந்து ஓர் எட்டு ஒதுங்குகிறார், அடுத்தவர் வந்துகொண்டே இருக்கிறார், பிராட்ஷாவின் பார்வை மட்டும் களத்தின் மறுகோடியில் ஓடும் லின் ஸ்வானை விட்டு அசையவில்லை. பந்து போகிறது, அதே கணத்தில் தலையில் அடி விழுந்து சாய்கிறார். 64 யார்டு டச் டவுன், 21-17 என்று பிட்ஸ்பர்க் வென்றது. அது டச் டவுன் ஆனது என்பதை உடைமாற்றும் அறையில் மற்றவர்கள் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். அதைப் பார்த்த பிறகு 1958 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்தைத் தேடிப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில், படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். யுனைட்டஸின் கால்களைப் பார்க்க அது போதும்.